பார்ட்ஸ் மாத்துறதுக்குப் பேர் ரிப்பேர் இல்லீங்க!

காய்ச்சல் என்று வந்தவனுக்குத் தெர்மாமீட்டர்கூட வைத்துப் பார்க்காமல் நேராக ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகிற டாக்டரை என்ன செய்வோம்? ஊரே திரண்டு சண்டைக்குப் போகும். அதே காரியத்தை ஒரு மெக்கானிக் காருக்குச் செய்தால்? "நல்ல மனுஷன், எல்லாத்தையும் புதுசா போட்டுக் கொடுத்துட்டாரு" என்று பாராட்டிவிட்டு பில்லையும் கட்டிவிட்டு வருகிறார்கள். என்ன கொடுமை இது!

சும்மா பேசினால் போதாது, ஒரு காரை எடுத்துக்கொண்டே பார்ப்போம். மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமான, இரண்டே சீட் உள்ள குட்டி ஸ்போர்ட்ஸ் கார். அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் பெயர். 2016-ல் பத்து லட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தது. முதலில் வந்த வண்டிகளில் இருந்தது 1.6 லிட்டர், நாலு சிலிண்டர், 16 வால்வு இன்ஜின். சாதாரணக் குடும்பக் காரான மாஸ்டா 323-இன் இன்ஜின் வம்சம்தான். மர்மம் ஒன்றும் கிடையாது. முப்பது வருஷம் தாண்டியும் இந்த வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓடாமல் போனவற்றில் பல, வயதால் போகவில்லை. "இதுவா இருக்குமோ" என்று குத்துமதிப்பாகக் கை வைத்ததால் போயின.

முதல் கேஸ்: சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்தால் மேலே "டிக் டிக் டிக்" என்று தையல் மெஷின் மாதிரி ஒலி. உரிமையாளர் பயந்துபோய் "இன்ஜின் போச்சு" என்று முடிவுகட்டி வேறு இன்ஜின் தேட ஆரம்பிக்கிறார். உண்மையில் அது பெரும்பாலும் வால்வுகளுக்கு மேலே இருக்கிற ஹைட்ராலிக் லாஷ் அட்ஜஸ்டர். அதற்குள் ஆயில் சரியாக நிரம்பாவிட்டால் சத்தம் போடும். ஆயில் மாற்றாமல் விட்ட வண்டியிலும், பல நாள் நின்ற வண்டியிலும் இது சகஜம். புது ஆயில், புது ஃபில்டர், ஒரு நீண்ட ஓட்டம்... பல வண்டிகளில் இத்தோடு அடங்கிவிடும். பயப்பட வேண்டியது, கீழ்ப்பக்கத்திலிருந்து லோடு ஏற ஏறக் கனமாக வரும் "டொக் டொக்" சத்தத்துக்கு. மேலா, கீழா என்று தெரிந்துகொள்ள நீளமான ஸ்க்ரூ டிரைவரை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டால் போதும். செலவு பூஜ்யம்.

இரண்டாவது: ஆயில் ஒழுகல். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் சொட்டுகிறது. "ரியர் மெயின் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்று தீர்ப்பு வருகிறது. பெரிய வேலை, பெரிய பில். ஆனால் இந்தக் காரில் சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் கேம் ஆங்கிள் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. அதன் ஓ-ரிங் வயதானால் காய்ந்து கெட்டியாகி, ஆயிலைக் கசியவிடும். அந்த ஆயில் பின்பக்கமாகவே வழிந்து, சீல் ஒழுகுகிற அதே இடத்தில் சொட்டும். முதலில் நன்றாகத் துடைத்துவிட்டு, கொஞ்சம் ஓட்டி, ஈரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு ரப்பர் வளையத்துக்காக கியர்பாக்ஸை இறக்கியவர்கள் எத்தனை பேரோ!

மூன்றாவது: மிஸ்ஃபயர். வண்டி திணறுகிறது. உடனே காயில், பிளக், வயர், இன்ஜெக்டர் எல்லாம் ஒரே பில்லில். கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். இந்த 1.6 இன்ஜினில் 1, 4 சிலிண்டர்களுக்கு ஒரு காயில். 2, 3-க்கு இன்னொன்று. ஐடிலில் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றினால் ஆர்பிஎம் இறங்கவில்லையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யாத ஆசாமி. ஜோடியாக இரண்டு செத்திருந்தால் காயில் பக்கம் போகலாம். ஒன்று மட்டும் என்றால் முதலில் பிளக், வயர். இதில் வயர் பழசாகிக் கெட்டுப்போவது இந்தக் காரில் ரொம்ப சாதாரணம். பத்து நிமிஷ வேலைங்க இது.

நான்காவதுதான் உண்மையிலேயே கொலை கேஸ். 1991 வரை வந்த ஆரம்பகால இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்டின் முன்முனை குட்டை. டைமிங் பெல்ட் மாற்றும்போது கிராங்க் போல்ட்டைச் சரியான டார்க்கில் முடுக்காவிட்டால், முன்னால் இருக்கிற புல்லி ஆட ஆரம்பிக்கும். ஆடி ஆடி, சாவி உட்காரும் பள்ளத்தையே தின்றுவிடும். கேம் டைமிங் பின்தங்கும், இழுவை குறையும். டைமிங் லைட் வைத்துப் பார்த்தால் இக்னிஷனும் பின்தங்கித் தெரியும். இங்கேதான் "அனுபவசாலி" ஒருவர் வந்து சென்சாரைக் கொஞ்சம் திருப்பி, டைமிங்கை 10 டிகிரிக்குக் கொண்டுவந்து "முடிஞ்சுது சார்" என்கிறார். இக்னிஷன் சரியாகிவிட்டது, கேம் டைமிங் அப்படியேதான் இருக்கிறது. நோய் மறைந்துகொண்டது, அவ்வளவுதான். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் புது போல்ட், புது சாவி, பள்ளத்தை நிரப்பும் உலோகப் பசை என்று காப்பாற்ற வழி உண்டு. விட்டுவிட்டால் கிராங்க் ஷாஃப்டே காலி. புல்லியை மாட்டும் முகப்பில் நாலு பள்ளம் இருந்தால் குட்டை, எட்டு இருந்தால் நீளம். எண்ணிப் பார்க்கக்கூடவா நேரமில்லை?

"மெக்கானிக்கின் நேரத்துக்கும் காசு உண்டே, தேடிக்கொண்டே இருந்தால் கூலி ஏறாதா? அதற்குப் புது பார்ட்டே மலிவு" என்று ஒரு வாதம் வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். தேடும் கூலி ஒருமுறைச் செலவு. தவறாக ஊகித்தால் பார்ட்டும் தண்டம், மாட்டிய கூலியும் தண்டம், கடைசியில் தேடும் கூலியும் தனியாக வரும். அதோடு நல்ல பழைய ஒரிஜினல் பாகம் குப்பைக்குப் போய்விடும். இதை எந்தப் பேரேட்டில் எழுதினாலும் நட்டம்தான்.

இதைப் படித்துவிட்டு "கெட்டுப்போகும் வரை எதையுமே மாற்றாதே" என்று புரிந்துகொள்ள வேண்டாம். இந்த இன்ஜினின் டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், அதாவது சுமார் 96,000 கி.மீ. அதை மாற்றியே ஆகவேண்டும். 1.6-இல் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது, உண்மைதான். ஆனால் நடுரோட்டில் நிற்பது நிச்சயம். அப்போதே வாட்டர் பம்பையும் மாற்றுவது புத்திசாலித்தனம். ஏனென்றால் பம்பை எடுக்க அந்த பெல்ட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும். ஒரே கூலியில் இரண்டு வேலை. ரேடியேட்டரின் மேல்பக்கப் பிளாஸ்டிக் கறுப்பு மாறிப் பழுப்பாகிவிட்டால் வெடிக்கும் முன் மாற்றுவதும் அப்படித்தான். இன்ஜின் கொதித்தால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். இதெல்லாம் காரணம் தெரிந்து முன்கூட்டிச் செய்கிற செலவு. குத்துமதிப்பாகச் செய்வது சூதாட்டம்.

2017-ல் மாஸ்டாவே ஜப்பானில் இந்த முதல் தலைமுறைக் காரைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தையும், பழைய பாகங்களை மறுபடி தயாரிப்பதையும் அறிவித்தது. செய்த கம்பெனிக்கே இந்த இன்ஜின் மேல் இவ்வளவு மரியாதை இருக்கும்போது, வாங்கி ஓட்டுகிறவர்களுக்குக் கொஞ்சமாவது இருக்க வேண்டாமா?

அடுத்தமுறை யாராவது "இதை மாத்திடலாம்" என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுதான் கெட்டிருக்குன்னு எப்படிங்க தெரியும்?" பதில் வந்தால் தாராளமாகப் பணம் கொடுங்கள். வெறும் முறைப்பு வந்தால், சாவியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்!