பவிதா மையத்துக்கு ஒரு நாய் வரட்டும்

பேச்சு வராத என் தங்கை மகன் பெரியவர்கள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டு நாட்டு நாயை மட்டும் சீப்பால் வாரிவிடுவான். அழுத்தினால் அது நகர்ந்துவிடும். கையைத் தளர்த்திக்கொண்டு காத்திருப்பான். அது திரும்பி வந்ததும் மெதுவாக வாருவான். இந்தப் பொறுமையை எங்களால் சொல்லிக்கொடுக்க முடியவில்லை.

நாய் இப்படி உதவுவது புதிதல்ல. அமெரிக்க உளவியலாளர் போரிஸ் லெவின்சனிடம், யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவனை ஒருநாள் குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்து வந்துவிட்டார்கள். அங்கிருந்த அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் ஓடிவந்து அவனை நக்கியது. அவன் அதைத் தடவினான். சிகிச்சைக்கு வழி பிறந்தது அங்கேதான். 1962-இல் அவர் அதைக் கட்டுரையாக எழுதினார். குழந்தையின் செயலுக்குப் பொம்மை பதில் தராது, நாய் தரும்.

ஆந்திரத்தில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குப் பவிதா மையங்கள் இருக்கின்றன. பழக்கப்பட்ட ஒரு நாயும், அதைக் கையாளத் தெரிந்தவரும் வாரம் ஒருமுறை அங்கே வர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். தெருவில் திரியும் நாயைப் பிடித்து வரச் சொல்லவில்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் கட்டாயம். பயப்படும் குழந்தையை வற்புறுத்தக் கூடாது. நாயையும்தான்: உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினால், அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

பேச்சுப் பயிற்சியாளருக்கு இது மாற்று இல்லை. ஆனால் அந்தப் பயிற்சிக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கும் திருப்பதிக்கும் பஸ் ஏறும் தாய்மார்களை எங்கள் நாயுடுபேட்டையில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மாவட்ட நிர்வாகம் முதலில் இங்கே ஒரு மையத்தில் தொடங்கட்டும். நாயைப் பரிசோதிக்கும் பொறுப்பைக் கால்நடைத் துறை ஏற்கட்டும்.