ஸ்மார்ட் போர்டா, காகிதத் துண்டா?

ரொம்ப நாளா எழுதணும்னு இருந்த விஷயம். போன வாரம் எங்க ஸ்கூல் பழைய மாணவர்கள் வாட்ஸப் குழுவுல நடந்த சண்டைக்கப்புறம் எழுதாம இருக்க முடியல.

மேட்டர் இதுதான் மக்களே. எங்க ஊர் அரசுப் பள்ளிக்காக ஒன்றரை லட்சம் சேர்ந்திருக்கு. பசங்க இங்கிலீஷ் பேசப் பழக ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுக்கலாம்னு எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிட்டாங்க. நான் மட்டும் வேண்டாம்னேன். "சாஃப்ட்வேர்ல இருந்துக்கிட்டு நீயே டெக்னாலஜி வேண்டாங்கறியே மச்சி"ன்னு ஒருத்தன். அதை எழுதுறவனுக்குத்தானே அது எங்கெல்லாம் படுத்துக்கும்னு தெரியும் :-)

நானும் தமிழ் மீடியம்தான். பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ்ல நல்ல மார்க். ஆனா இன்ஜினியரிங் முதல் செமஸ்டர் முழுக்க வகுப்புல வாயே திறக்கலை. தெரியாம இல்லை, தப்பாச் சொன்னா சிரிப்பாங்களேன்னுதான். அந்த பயத்தைக் குறைக்காத எதையும் என்னால உருப்படியான கருவின்னு ஒத்துக்க முடியல. போர்டு வந்தா வாத்தியார் தொடுவார், நாப்பது பசங்க வேடிக்கை பார்ப்பாங்க. எங்க அத்தை பையன் படிக்கிற பள்ளியில ஒண்ணு இருக்கு. தூசி படியக் கூடாதுன்னு துணி போட்டு மூடியே வெச்சிருக்காங்களாம்.

ஒரு வருஷமா சனிக்கிழமை சாயங்காலம் எங்க தெருப் பசங்க எட்டு பேருக்கு சொல்லித் தர்றேன். நல்லா வேலை செஞ்ச முதல் கருவி, கிழிச்ச நியூஸ்பேப்பர். தமிழ்ல 'பல்'லுல வர்ற ஒலி வேற, 'அம்பு'ல வர்ற ஒலி வேற, ஆனா எழுத்து ஒண்ணுதான். அதனால குண்டூசிக்கும் பின், குப்பைத்தொட்டிக்கும் பின். (பாருங்க, இங்கே எழுதிக் காட்டக்கூட வழியில்லை!) பேப்பர் துண்டை உதட்டுக்கு முன்னாடி தொங்க விடச் சொல்வேன். குண்டூசின்னா மூச்சு வெடிச்சு வந்து பேப்பர் ஆடணும். குப்பைத்தொட்டிக்கு ஆடாது. நம்ம 'பல்'லுக்கும் அவ்வளவா ஆடாது, அங்கேதான் நாம சறுக்குறோம். பசங்களுக்கு இது விளையாட்டு. பேப்பர் ஆடலைன்னா அவங்களே திரும்பச் சொல்றாங்க, நான் திருத்த வேண்டியதே இல்லை.

ரெண்டாவது, சொல் அட்டை. "ஐ ரைஸ் ஈட்டிங்"னு சொல்ற பையன்கிட்ட இலக்கணம் பேசிப் பிரயோசனம் இல்லை. மேல் வரிசையில 'நான்', 'சோறு', 'சாப்பிட்டேன்'. கீழே அதே மூணும் இங்கிலீஷ்ல. வினைச்சொல்லுக்கு மட்டும் சிவப்பு அட்டை. அந்தச் சிவப்பைக் கடைசியிலிருந்து நடுவுக்கு நகர்த்தினா முடிஞ்சது கதை. தமிழ்ல பேசினா ஃபைன் போடுற பள்ளிக்கூடங்கள் தூக்கியெறியறது இந்த மேல் வரிசையைத்தான்.

அட்டை ஒண்ணும் என் கண்டுபிடிப்பு இல்லை. 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்சு, 2007ல தமிழ்நாடு முழுக்க வந்த செயல்வழிக் கற்றல்ல எல்லாமே அட்டைதான். நான் ஜஸ்ட் மிஸ். என் தங்கச்சிக்குக் கிடைச்சது.

போன்ல வாய்ஸ் டைப்பிங்கும் நல்லாத்தான் இருக்கு. சொன்னது சரியா விழலைன்னா திரையில தெரிஞ்சிடும், யாரும் சிரிக்க மாட்டாங்க. என்ன, சில சமயம் தப்பு போன் மேலயும் இருக்கும்.

போர்டுக்காரங்க சொல்றதுல ஒரு நியாயம் உண்டு: கிராமத்துல இங்கிலீஷ் காதுலயே விழறதில்லை. ஒத்துக்கறேன். அதுக்கு வகுப்புக்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் போதுமே. மிச்சப் பணத்துல தமிழும் இங்கிலீஷும் ஒரே பக்கத்துல இருக்கற படக்கதைகள், சென்னை துளிகா பதிப்பகம் போடுற மாதிரி, பசங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போற அளவுக்கு வாங்கலாம். கிழிஞ்சா கிழியட்டும்.

குழுவுல இதுவரைக்கும் ரெண்டு பேர்தான் என் பக்கம். அதுல ஒருத்தன் எதையுமே படிக்காம கட்டைவிரல் தூக்கறவன். ஞாயித்துக்கிழமை ஓட்டெடுப்பு.