பாதியில் விட்டவர்கள் யார்?

‘சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போனவர்’ என்று எங்கள் பெண்களின் நோட்டில் எழுதி வைக்கிறார்கள். படிப்பில்லை, பொறுப்பில்லை, சேரிச் சனங்க இப்படித்தான் என்று கதையை முடித்துவிடுகிறார்கள். கருப்பைவாய்ப் புற்றுக்கு ஐந்து வாரம் ‘கரண்டு’ வைத்துக்கொண்டவள் நான். அதனால் சொல்கிறேன்: நாங்க விட்டுட்டுப் போகல, விரட்டப்படுறோம்.

அடிவயிற்றுக்குக் கதிர் வைப்பது வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 25 நாள் அளவில். அதற்குமேல் கருப்பைக்குள் வைக்கும் கதிர். எல்லாம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் நோய் கட்டுப்படும் வாய்ப்புக் குறையும். இது மருத்துவம் சொல்வது. அந்த 8 வாரமும் உடம்பு என்ன பாடுபடும் என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

வேகமாகப் பெருகும் செல்களைக் கதிர் அடிக்கிறது. புற்று மட்டுமா அப்படி? சிறுகுடலின் உள்தோலும் சில நாளுக்கொரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வதுதான். அது சிதைந்தால் குடல் தண்ணீரை உறிஞ்சாது. இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வயிறு கழிய ஆரம்பிக்கும். எனக்கு நாளைக்கு எட்டு, பத்து தடவை. கூடவே அசதி. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. வாரத்துக்கு வாரம் ஏறும், கரண்டு முடிந்தும் பல வாரம் இருக்கும். சோகை பிடித்த உடம்பென்றால் கேட்கவே வேண்டாம்.

இதைச் சொன்னதற்குக் கிடைத்த பதில்: ‘அஞ்சு நிமிஷம் படுத்து எந்திரிக்கிறதுல என்னம்மா அசதி?’ நாத்து நட்டவளுக்கு அசதின்னா என்னன்னு தெரியாதா? காலமெல்லாம் எங்கள் உழைப்பைத் தின்றவர்கள், நாங்கள் ஒருநாள் படுத்தால் சோம்பேறி என்பார்கள். அதே நாக்குதான் வெள்ளைக்கோட்டுக்குள்ளிருந்தும் பேசுகிறது.

வயிறு கழிகிறவளுக்கு முதல் மருந்து கக்கூசு. நான் போன இடத்தில் அது பூட்டிக் கிடந்தது. இரண்டு பஸ் மாறி வருகிறவள் வழியில் எங்கே ஒதுங்குவாள்? ஒருமுறை புடவை நனைந்துவிட்டால் மறுநாள் எந்த முகத்தோடு பஸ் ஏறுவாள்? அதற்குப் பயந்து சோறு தண்ணி இல்லாமல் வருகிறார்கள். நாக்கு வறண்டு மயங்கி விழுகிறார்கள். தன் கழிவை எங்கள் தலையில் சுமக்க வைத்த சமூகம், நோயில் எங்கள் வயிறு கழிந்தால் மட்டும் மூக்கைப் பொத்துகிறது.

‘புரதம் சேத்துக்கோ’ என்றார்கள். ‘மாட்டுக்கறி சாப்பிடலாமா?’ என்று கேட்டேன். முகம் சுளித்தது. பால் குடிக்கச் சொன்னார்கள். கதிர் பட்ட குடலில் பலருக்குப் பால் செரிக்காது, பேதி கூடும். கறி ஆகும், ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது மருத்துவம். சுளித்த முகம் சாதி.

தோழர்களே, உடலின் அரசியலைக் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். இந்த உடல்களையும் பேசுவோம். தண்ணீரோடு திறந்த கக்கூசு, கேட்காமலே கையில் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் பேதியை நிறுத்தும் மாத்திரையும், தங்க இடம், இழந்த கூலி. இவை தர்மம் அல்ல, சிகிச்சையின் பாகம். கதிருக்குச் செலவழிக்கிற அரசு இதற்குக் கையை விரிக்கக் கூடாது.

பாதியில் விட்டவள் பெயரை எழுதுகிறவர்கள், கக்கூசுச் சாவி யாரிடம் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதட்டும்.