ஊர் இல்லாத காசு

1871இல் ஒன்றிணைவதற்கு முன்னர் சாக்சனி, பவேரியா, ஹனோவர் முதலிய ஜெர்மானிய அரசுகள் தனித்தனியே வெள்ளித் தாலர்களை அச்சிட்டன. அவற்றைச் சேகரிப்போர் எந்த அரசு, எந்த ஆண்டு, எந்த நாணயசாலை என்பதைத் துல்லியமாகப் பதிந்து வைத்துள்ளனர். மறைந்த அரசுகள் காசில் வாழ்கின்றன.

எமக்கும் ஓர் அரசு இருந்தது. 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த யாழ்ப்பாண அரசு, எருது உருவமும் ‘சேது’ என்னும் தமிழ்ச் சொல்லும் பொறித்த காசுகளை வெளியிட்டது. பெரும்பாலானவை செம்பு. இன்று அவற்றை வாங்கும் எம்மவர் விலையைக் கேட்கின்றனர். எங்கே எடுத்தது என்று கேட்பதில்லை. ஓமந்தைக் காட்டில் ஒரு சேதுக் காசு கிடைத்தால், வன்னிமைகளுக்கும் நல்லூருக்கும் இருந்த உறவைப் பற்றி அது பேசக்கூடும். ஊரை மறைத்து விற்றால் அது வெறும் செம்பு.

2009இல் எம் மக்கள் கைப்பைகளோடு ஓமந்தையைக் கடந்தனர். வீடும் பெட்டகமும் போயின. எஞ்சியிருப்பது மண்ணுக்குள் உள்ள வரலாறே. அதையும் இரவில் தோண்டி விற்பவனை வியாபாரி என்றோ, வாங்குபவனைச் சேகரிப்பாளன் என்றோ நான் அழைக்கமாட்டேன். உரிமமின்றித் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம். ஆனால் வாங்குபவர் இருக்கும்வரை தோண்டுபவரும் இருப்பார்.

புலம்பெயர்ந்த அன்பர்களே, சேதுக் காசைக் கண்டால் விலைக்கு முன் ஊரைக் கேளுங்கள். பதில் இல்லையேல் வாங்காதீர்கள்.