மெதுவாக ஓடுங்கள், தம்பிகளே

மண்ணூர்ப் பக்கம் விடியற்காலையில் ஓடும் தொழிற்சாலை இளைஞர்களைப் பார்த்தால் மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் வருகிறது: பலருக்கு முதல் கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்குகிறது. ஓட்டம் என்றாலே வேகம்தான் என்று பள்ளி மைதானத்திலேயே மனதில் பதிந்துவிட்டது. எவ்வளவு நிதானமாக ஓடுவது என்பதற்கு அமெரிக்கப் பயிற்சியாளர் ஃபில் மாஃபெடோன் சொன்ன கணக்கு எளியது: 180இல் வயதைக் கழியுங்கள், 30 வயதுக்காரரின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 150ஐத் தாண்ட வேண்டாம். தோராயக் கணக்குதான், ஆனால் அவர் வழியில் பயின்ற மார்க் ஆலன் 1989 முதல் 1995 வரை ஹவாய் அயர்ன்மேன் போட்டியை 6 முறை வென்றார். நிதானமாக ஓடும்போதுதான் உடல் கொழுப்பை எரிபொருளாக்கப் பழகுகிறது. தசைகளில் நுண் ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் ரத்தத்தைத் தள்ளக் கற்கிறது. நம் வெயிலிலோ, உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கும் பாய வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கே துடிப்பு எகிறும். அப்போது கொஞ்ச தூரம் நடப்பது தோல்வி அல்ல, பயிற்சியின் பகுதி. நைட் ஷிப்ட் முடித்தவர்கள் முதலில் தூங்குங்கள். துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் இல்லையா? கூட ஓடுகிறவரோடு சரளமாகப் பேச முடிகிற வேகத்தில் சில மாதங்கள் ஓடுங்கள், அதுவே போதும்.