டல்ஹௌசியின் இரண்டு பட்டங்கள்

பள்ளிப் பாடப் புத்தகத்தில் அவர் டல்ஹௌசி பிரபு. கானிங்கும் பிரபு, கர்சனும் பிரபு. வெள்ளைக்காரப் பட்டம் எதுவானாலும் ஒரே சொல்லில் அடைத்துவிடுவது எங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கு வசதி. டல்ஹௌசி விஷயத்தில் மட்டும் அந்த வசதி ஒரு நல்ல கதையை மறைத்துவிடுகிறது.

ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே டல்ஹௌசி கோட்டையை ஆண்ட ராம்சே குடும்பத்துக்கு 1618-ல் லார்டு பட்டமும் 1633-ல் ஏர்ல் பட்டமும் கிடைத்தன. ஏர்ல் பட்டம் ஆண்வழிச் சொத்து. மகன் இல்லையா, தம்பிக்குப் போகும். தம்பியும் இல்லையா, பங்காளிக்கு. பத்தாவது ஏர்லான ஜேம்ஸ் ராம்சே 1848 ஜனவரியில், 35 வயதில், கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தா வந்தார். மறு ஆண்டு பஞ்சாபை இணைத்ததற்குப் பரிசாக மார்க்வெஸ் ஆக்கப்பட்டார். இது ஏர்லுக்கு ஒரு படி மேல். ஆனால் இந்தப் பட்டம் அவர் பெற்ற மகனுக்குத்தான் போகும், பங்காளிக்குக் கிடையாது. தத்துப் பிள்ளைக்கோ இரண்டுமே கிடையாது.

நான் வசிக்கும் ஆகுர்டியிலிருந்து தெற்கே 120 கிலோமீட்டர் போனால் சதாரா. 1848 ஏப்ரலில் அங்கே சத்ரபதி வம்சத்து ஷாஹாஜி, சாவதற்குச் சில மணி நேரம் முன்பு ஒரு சிறுவனைத் தத்தெடுத்தார். சாஸ்திரப்படி அது செல்லும். பம்பாய் கவர்னர் ஜார்ஜ் கிளார்க்கே செல்லும் என்றுதான் வாதாடினார். குடும்பச் சொத்துக்கு வாரிசாகலாம், கம்பெனியின் அனுமதி இல்லாமல் சிம்மாசனத்துக்கு ஆக முடியாது என்றார் டல்ஹௌசி. சதாரா போயிற்று. பின்னால் நாக்பூரும் ஜான்சியும் போயின.

தஞ்சாவூரில் நடந்தது இன்னும் மோசம். 1855-ல் இரண்டாம் சிவாஜி மகன் இல்லாமல் இறந்தார். மகள்கள் இருந்தனர், கம்பெனி அவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. பட்டம் ஒழிந்தது. அடுத்த ஆண்டு அரண்மனையின் சொந்தச் சொத்துக்கும் சீல் வைத்தார்கள். மூத்த ராணி காமாட்சி பாய் சென்னையில் வழக்குப் போட்டு வென்றார். லண்டன் பிரிவி கவுன்சில் 1859-ல் அதைத் தள்ளுபடி செய்தது: நடந்தது அக்கிரமமாகவே இருக்கட்டும், அரசின் செயலில் கோர்ட் தலையிட முடியாதாம். சொத்து ராணிகள் கைக்குத் திரும்ப 1862 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உடல்நலம் கெட்டு 1856-ல் தாயகம் திரும்பிய டல்ஹௌசி 1860 டிசம்பரில் 48 வயதில் இறந்தார். அவருக்கு இரண்டு மகள்கள். மகன் இல்லை. பதினோரு வயதான மார்க்வெஸ் பட்டம் அவருடனேயே புதைந்தது. ஏர்ல் பட்டம் ஃபாக்ஸ் மால் என்ற பங்காளிக்குப் போயிற்று. அவரும் 1874-ல் பிள்ளை இல்லாமல் இறக்க, இன்னொரு பங்காளியான கடற்படை அட்மிரல் ஜார்ஜ் ராம்சே ஏர்ல் ஆனார். இன்றும் அந்தப் பட்டம் உயிரோடு இருக்கிறது.

சதாரா ராணியின் சாபம் பலித்தது என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. தன் பட்டம் எந்த விதிப்படி முடியும் என்பது டல்ஹௌசிக்கு முன்பே தெரியும்.  ஆனால் மார்க்வெஸ் பட்டம் போனதால் ராம்சே வீட்டில் யார் சோற்றிலும் மண் விழவில்லை. டல்ஹௌசிக்குத் தாய்வழி வந்த கோல்ஸ்டன் எஸ்டேட் மூத்த மகள் சூசனுக்குப் போயிற்று. கம்பெனியார் அதற்குச் சீல் வைக்கவில்லை. தஞ்சாவூர் மகள்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

1857 கலகத்துக்குப் பிறகு ஆங்கில அரசு சுருதியை மாற்றியது. சமஸ்தானங்கள் தத்தெடுக்கலாம் என்று 1862-ல் சனதுகள் வழங்கப்பட்டன. வழங்கிய வைஸ்ராய் கானிங், 1859-ல்தான் ஏர்ல் ஆனவர். அவருக்கும் பிள்ளை இல்லை. அதே 1862 ஜூனில் லண்டனில் இறந்தார். மூன்று வயதுப் பட்டமும் அன்றோடு முடிந்தது.