பாவம் வயிற்றிலா, பாதையிலா?

மாலை ஷிப்ட் முடிந்து ஒரகடத்தின் ஆலை வாயில்கள் திறக்கும் வேளையில், சாலையோரம் சற்று நேரம் நின்று பாருங்கள். தலைக்கவசம் அணிந்த இளைஞர் கூட்டம் இருசக்கர வண்டிகளில் வெள்ளமெனப் பாய்ந்து செல்லும். அவ்வெள்ளத்தின் நடுவே நடந்து செல்லும் ஒருவரையோ, மிதிவண்டியை மிதித்துச் செல்லும் ஒருவரையோ கண்டுபிடிப்பது அரிது. உலகுக்கெல்லாம் வாகனம் செய்து கொடுக்கும் மண்ணில், மனிதனின் கால்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

இது ஒரே தலைமுறைக்குள் நிகழ்ந்துவிட்ட மாற்றம். ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த ஊர்கள் இவை. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் 1998ஆம் ஆண்டு வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ - நிசான் ஆலையும், 2012இல் டெய்ம்லர் லாரி ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் திறக்கப்பட்டன. நாளெல்லாம் தன் கைவழியே வாகனங்கள் உருவாகிச் செல்வதைப் பார்க்கும் இளைஞன், தன் முதற் சம்பளங்களைக் கொண்டு தவணை முறையில் ஒரு பைக் வாங்குகிறான். அதில் வியப்பென்ன?

வியப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தரும் எண்களைப் பாருங்கள். எடையை உயரத்தோடு ஒப்பிடும் குறியெண் 25ஐ எட்டியோர் அல்லது கடந்தோர், 2015-16இல் தமிழகப் பெண்களில் நூற்றுக்கு 31 பேர், ஆண்களில் 28 பேர். 2019-21இல் அதே கணக்கு பெண்களில் 40, ஆண்களில் 37 என உயர்ந்தது. இவர்கள் முதியவர்கள் அல்லர். 15 முதல் 49 வயது வரையிலானவர்கள். பஞ்சத்தையும் பசியையும் பாடிப் பழகிய நாட்டில், ஐந்தாண்டுகளுக்குள் நூற்றுக்கு ஒன்பது பேர் கூடுதலாகப் பருத்துவிட்டனர்.

இவ்வெண்களைக் கண்டதும் நம் அறிவுரையாளர்கள் என்ன சொல்கிறார்கள்? "வாயைக் கட்டுங்கள், சோம்பலை விடுங்கள்" என்கிறார்கள். தலையான பாவங்கள் ஏழு என்று மறைக்கல்வியில் நாம் மனப்பாடம் செய்தோமே, அவற்றுள் இரண்டினைப் பருத்த மனிதன் தலையில் சுமத்திவிடுகிறார்கள்: போசனப்பிரியமும் சோம்பலும். இந்தத் தீர்ப்பையே நான் மறுக்கிறேன். எட்டு மணி நேரம் இயந்திர வரிசையில் நின்று, இரவையும் பகலையும் மாற்றிப்போட்டு உழைப்பவனைச் சோம்பேறி என்பது அநீதி. நின்ற இடத்திலேயே நின்று கைகளை மட்டும் இயக்கும் உழைப்பு உடலைக் களைப்படையச் செய்கிறது. ஆனால் நடக்கச் செய்வதில்லை.

உணவுக்குப் பங்கில்லை என்று நான் வாதிடவில்லை. இரவு ஷிப்டின் பரோட்டாவும், சர்க்கரை மிகுந்த தேநீரும், கெட்ட தூக்கமும் தம் பங்கைச் செய்யத்தான் செய்கின்றன. ஆயினும் வாகனத்தின் பங்கை மறைத்துவிட்டுத் தட்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையன்று. 2002இல் வெளியான ஓர் ஆய்வு, சீனாவின் எட்டு மாகாணங்களில் 1989 முதல் 1997 வரை மக்களைத் தொடர்ந்து கவனித்தது. அந்த ஆண்டுகளில் புதிதாக மோட்டார் வாகனம் வாங்கிய ஆண்கள் மற்ற ஆண்களைவிட 1.8 கிலோ கூடுதலாக எடை ஏறினர். பருமனாகும் வாய்ப்பும் அவர்களுக்கு ஏறத்தாழ இருமடங்காயிற்று. 2014இல் 17 நாடுகளில் ஒன்றரை இலட்சம் பேரை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, இந்தியா போன்ற ஏழை நாடுகளைத் தனியே நோக்கியது. கார், தொலைக்காட்சி, கணினி ஆகிய மூன்றும் இல்லாத வீட்டாரில் பருமன் நூற்றுக்கு 3.4, மூன்றும் உள்ள வீட்டாரில் 14.5. செல்வ நாடுகளில் இத்தகைய பெரிய இடைவெளி இல்லை. புதிதாக வசதி வந்த வீட்டில்தான் அதன் சுமை முதலில் உடலில் ஏறுகிறது.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் உணவின் அளவைப் பற்றியே மிகுதியும் பேசினார். நடையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. நடக்காமல் வாழ அக்காலத்தில் எளியவர்க்கு வழியே இல்லை. நடந்தே வாழ வழியில்லாத ஊர்களை நாமல்லவா கட்டியிருக்கிறோம்!

"அப்படியானால் தொழிலாளி வண்டி வாங்கக் கூடாதா?" என்று வாசகர் வினவலாம். காரில் வந்து இறங்கி அவனுக்கு எளிமையைப் போதிக்கும் பாசாங்கு எனக்கு வேண்டாம். வாடகை குறைவான அறை ஆலையிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. ஷிப்ட் தொடங்கும் விடியற்காலையில் ஊர்ப் பேருந்து வருமா என்பது உறுதியில்லை. சாலையில் அவனருகே உரசிச் செல்பவை கன்டெய்னர் லாரிகள். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 32,825 பாதசாரிகள் உயிரிழந்தனர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. இந்நிலையில் வண்டி வாங்குவது ஆடம்பரமன்று, தற்காப்பு.

பெண்களின் நிலையை எண்ணுங்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியும் கற்பித்தது. ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஏறினர்; உடலும் உரிமையும் ஒருசேர விழித்தன. 2018இல் தமிழக அரசு வேலைக்குச் செல்லும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் தந்தது. விடுதலை என்ற நோக்கம் ஒன்றே. ஆனால் மிதிப்பது நின்று முறுக்குவது வந்தது. ஸ்கூட்டரைப் பெற்ற பெண்ணை நான் குறைகூற மாட்டேன். சைக்கிளில் அஞ்சாமல் செல்லக்கூடிய சாலையை அவளுக்குத் தராமல், ஸ்கூட்டருக்கு மட்டும் மானியம் தந்ததையே குறைகூறுகிறேன்.

அரசுக்கு நடையின் அருமை தெரியாமலில்லை. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை என்று ஒரு நலத் திட்டம் தொடங்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டு வந்தது. இரண்டும் நல்லவையே. ஆனால் இரவு ஷிப்ட் முடித்து விடியலில் படுக்கப் போகிறவன் எந்தப் பூங்காவில் நடப்பான்? நடை என்பது ஓய்வுள்ளோரின் பொழுதுபோக்காகவும், மருந்து என்பது ஓய்வற்றோரின் பங்காகவும் பிரிந்துவிட்டது. மாத்திரை வீடு தேடி வருகிறது. நடைபாதை மட்டும் தொழிலாளியைத் தேடி வருவதில்லை.

ஒரு சிறு கணக்கு. உலகச் சுகாதார நிறுவனம் வயது வந்தோர்க்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு ஏழெட்டு நிமிடம், இறங்கிய இடத்திலிருந்து ஆலைக்கு ஏழெட்டு நிமிடம் என்று போகவும் வரவும் சுறுசுறுப்பாக நடப்பவன், ஆறு நாளில் அந்த அளவைக் கடந்துவிடுகிறான். அவனுக்குத் தனியே உடற்பயிற்சி வேண்டாம். ஓர் ஒழுங்கான பேருந்து போதும். 2021 மே மாதம் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது அதைச் செலவு என்று இகழ்ந்தோர் உண்டு. பேருந்தில் போகிறவள் நிறுத்தம் வரை நடக்கிறாள் என்பதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

மனம் வைத்தால் முடியும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி வளாகத்தைச் சிப்காட் கட்டித் திறந்தது. வேலைக்கு அருகில் வீடு என்பது கனவன்று. இனிக் கேட்க வேண்டியவை சிலவே. அத்தகைய குடியிருப்புகளிலிருந்து ஆலைவரை நிழல் மரங்களோடு நடைபாதை வேண்டும். அகலப்படுத்தும் ஒவ்வொரு சாலையிலும் மிதிவண்டிக்குத் தனித் தடமும், அஞ்சாமல் கடக்க வழியும் வேண்டும். ஷிப்ட் நேரங்களுக்கு இசைந்த பேருந்துகள் வேண்டும். லாரிக்கென்று சாலையை விரிக்கும் அரசும், நிலமும் சலுகையும் பெற்ற ஆலைகளும் இச்செலவை ஏற்பதே நீதி.

அதுவரை, நாற்பது வயதில் நீரிழிவோடு மருத்துவமனை வரிசையில் நிற்கும் தொழிலாளியை நோக்கி "ஏன் இப்படிப் பருத்தாய்?" என்று கேட்காதீர்கள். அவன் கால்களைப் பறித்துக்கொண்டது யார் என்று கேளுங்கள். பாவம் அவன் வயிற்றில் இல்லை. நாம் அவனுக்கு அமைத்துக் கொடுத்த பாதையில் இருக்கிறது.